இன்னைக்கு யாரு பாடு?

"இங்க பார்க்க என்ன இருக்கு?" என்று பழவேற்காட்டில் யாரைக் கேட்டாலும் கை டச்சுக்காரர் கல்லறைப் பக்கம்தான் நீளும். கேட்டவர் அங்கே போய்ப் படம் எடுத்து, திரும்பும் வழியில் நண்டு வாங்கி, அடுத்த பொன்னேரி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அவர் வேலையும் முடிந்தது, ஊரும் தப்பித்தது. சிற்றூர்களில் நடந்து திரிந்து எழுதுவதே பிழைப்பாகிப்போன எனக்கு அந்தக் கேள்வி ஒத்துவரவில்லை. நான் கேட்பது வேறு: "இன்னைக்கு யாரு பாடு?"

இதற்கு உடனே பதில் வராது. ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். மீன்வளத்துறையா, பத்திரிகையா, நிலம் பார்க்க வந்தவனா? அந்தக் கணக்கு ஒருவாறு முடிந்த பிறகுதான் வாய் திறக்கும். திறந்துவிட்டால் மூடுவதும் சிரமம்.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பஸ். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. தெற்கு ஓரம் நம்முடையது. பரப்பைப் பார்த்து ஆழத்தை ஊகித்தால் ஏமாந்துபோவோம்: சராசரி ஒரு மீட்டர்தான். தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு படுத்திருக்கிறது. அதன் தென்கோடியில், பழவேற்காட்டின் அருகே, கடல் உள்ளே வந்து போகிற வாசல், முகத்துவாரம்.

பாடு அந்த வாசலைச் சுற்றித்தான். இறால் கடலில் பொரிக்கிறது. குஞ்சாக முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, உப்பு தணிந்த தண்ணீரில் தின்று வளர்ந்து, பருவம் வந்ததும் நீர் வற்றும் நேரத்து ஓட்டத்தோடு மறுபடி கடலுக்குப் புறப்படுகிறது. அப்படிப் புறப்படும் பாதையில் வலை கட்டியவருக்கு நல்ல வரும்படி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும்; இரவுகளுக்கு மதிப்பு கூடும். ஆனால் பாதையில் வலை கட்ட ஏற்ற துறைகள் கொஞ்சம், கட்ட ஆசைப்படுகிறவர்களோ நிறைய. பொதுவில் விட்டால் அடிதடியில்தான் போய் நிற்கும். அதனால் முறை வைத்தார்கள்; அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. எந்த நாள் எந்தக் குப்பத்துக்கு, குப்பத்துக்குள் எந்தத் துறை யாருக்கு என்று சுற்றிச் சுற்றி வரும். இன்று நல்ல துறை கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான துறை விழலாம். கொச்சிக் காயலின் ஊன்றி வலைக்காரர்களிடமும் பாடு உண்டு. இலங்கையின் நீர்கொழும்பு ஏரியிலும் இறால் வலைக்கு முறை வைக்கும் வழக்கம் இருக்கிறது. வாசல் குறுகலாக உள்ள இடங்களில் எல்லாம் மனிதர்கள் ஏறக்குறைய ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் அலுக்காத வியப்பு.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. பயண எழுத்தாளர்கள் டீக்கடையைப் புனிதத்தலம்போல் எழுதுவார்கள். எனக்கு டீக்கடை மேல் அத்தனை நம்பிக்கை இல்லை. அங்கே சும்மா உட்கார்ந்திருப்பவர் நம்மைத்தான் விசாரிப்பார். கை வேலையாக இருப்பவரிடம் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். வலை பழுதுபார்க்கிறவர் இருக்கிறாரே, அவரைவிடத் தோதான ஆள் இல்லை. கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியைக் கண்ணிக்குள் விட்டு எடுத்து முடிச்சு போட்டுக்கொண்டே பேசுவார். கண் வலை மேல் இருப்பதால் முகம் பார்க்க வேண்டிய சங்கடம் இருவருக்கும் இல்லை. பேச்சு நின்றால் ஊசி ஓடும். அந்த மௌனத்தை நாம் நிரப்ப வேண்டியதில்லை. நிரப்பாமல் இருக்கப் பழகுவதற்கே எனக்குக் காலம் பிடித்தது. நோட்டுப் புத்தகத்தை அப்போது எடுக்கவே கூடாது. எடுத்த நொடியில் அவர் குரல் மாறி மனு எழுதச் சொல்கிற குரல் ஆகிவிடும்.

"அண்ணே, பாடு எல்லாருக்கும் உண்டா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லாருக்கும்னா? அது எப்புடி சார் எல்லாருக்கும்?" என்று சிரித்தார். "எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து வர்றது."

அந்தச் சிரிப்பு முக்கியம். ஒரு முறை எவ்வளவு அழகாகச் சுழன்றாலும் அதற்கு ஒரு வேலி இருக்கும். பாடு உரிமை பட்டினவர் சமூகத்தின் குறிப்பிட்ட சில குப்பங்களுக்குத்தான். அங்கும் ஆண்களின் பெயரில்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வந்தபோது தீவிலிருந்து பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் ஏரியின் இந்தப் பக்கம் குடியேறின. மீன்பிடி அவர்களுக்கும் பரம்பரைத் தொழில், ஆனால் இந்தத் துறைகளில் அவர்களுக்கு முறை கிடையாது. ஏரியின் மீன் குறையக் குறைய இந்த வேலி உரசலாக மாறியிருக்கிறது. இவர்கள் எல்லாருக்கும் வெளியே இருளர்கள். எண்ணூர் தொடங்கிப் பழவேற்காடு வரை உவர்நீரில் இடுப்பளவு இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள். ஓலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டுத் துழாவும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வாயில் கூடை இருப்பதால் அவர்களிடம் எதுவும் கேட்க முடியாது. கரைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்குள் காரைக் கிளப்பிவிடுவார்கள்.

ஆக, "யாரு பாடு?" என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி "யாருக்கு இல்ல?" என்பது. முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் 'நம் முன்னோர் ஞானம்' என்று கட்டுரை எழுதுவார்கள். இரண்டாவதை மட்டும் கேட்பவர்கள் அறிக்கை எழுதுவார்கள். இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே உட்காரலில் கேட்டு, அவர் கோபப்படாமல் பதில் சொன்னால்தான் ஊருக்குள் வந்துவிட்டதாக நான் நினைத்துக்கொள்கிறேன்.

முகத்துவாரம் அடைத்துக்கொள்கிற காலத்தில் இந்தப் பேச்சின் தொனியே வேறு. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள். அது மணலை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் போட்டுவிட்டுப் போகும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஆறுகள் வெள்ளம் கொண்டுவந்தால் உள்ளிருந்து உடைத்துக்கொண்டு வழி திறக்கும். மழை பொய்த்த ஆண்டில் திறக்க ஆள் இல்லை. வாசல் அடைத்தால் படகு கடலுக்குப் போக முடியாது, குஞ்சு உள்ளே வர முடியாது, வெயிலில் ஏரித் தண்ணீர் சுண்டி உப்பு ஏறும். பாடு வரிசை ஒழுங்காகத்தான் சுழன்றுகொண்டிருக்கும், வலைக்குள் எதுவும் இருக்காது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்த பிறகு மணலின் போக்கே மாறிவிட்டது என்பது குப்பங்களின் புகார். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் பல ஆண்டுகளாக எழுப்பிவந்த கோரிக்கை.

சரி, கல்லறை. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியாகப் போகச் சொல்கிறேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் இங்கே கடை விரித்தது. சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அதை அழித்ததும் 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். இன்று கோட்டை என்று சொல்லப்படும் இடத்தில் புதரும் மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாகவே இருக்கிறது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது போதும். கற்களின் எழுத்து அபாரம். பூவேலையும் குடும்ப முத்திரைகளுமாக, நூற்றாண்டுகளின் கடற்காற்றைத் தாண்டியும் விளிம்பு மழுங்காத எழுத்துகள் சில உண்டு.

ஆனால் அந்தக் கற்களில் பெயர் இருப்பவர்கள் கம்பெனியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் இங்கே வந்தது துணிக்காக. சோழமண்டலத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கிழக்குத் தீவுகளில் மிளகும் சாதிக்காயும் கிடைக்கும். அந்தத் துணியை நெய்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இங்கே ஒரு வெடிமருந்து ஆலையும் இருந்தது. அதில் வேலை செய்தவர் பெயரும் இல்லை. பஞ்ச காலங்களில் அடிமைகளாக வாங்கப்பட்டு, இதே துறையில் கப்பலேறி, அந்தக் கிழக்குத் தீவுகளில் இருந்த பட்டாவியாவுக்குப் போனவர்களின் பெயரும் இல்லை. கடற்கரையில் "யாருக்கு இல்ல?" என்று கேட்டுவிட்டு இங்கே வருகிறவருக்கு இது தானாகவே கண்ணில் படும். அதற்காகத்தான் கடைசியில் போகச் சொல்வது.

ஊருக்குள் லப்பைத் தெருக்கள் இருக்கின்றன. சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம். தொழுகை நேரத்தை நிழலில் பார்த்த காலத்தின் மிச்சம். செம்புராங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் தொலைவில் இல்லை. இவற்றைவிட எனக்கு அந்தத் தெருக்களின் திண்ணைகள் மேல்தான் ஈர்ப்பு. பனங்குருத்தோலையில் கூடை முடைவது அங்குள்ள பெண்களின் வேலை. விரியாத குருத்தை வெட்டி, காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஓலையைக் கத்தி நுனியால் ஒரே அகலத்தில் கிழிக்கிறார்கள். அந்த 'ஒரே அகலம்' கண்ணாலும் நகத்தாலும் வருவது. பக்கத்தில் அளவுகோல் எதையும் காணவில்லை. சாயத்தை வெந்நீரில் கொதிக்கவிட்டு ஓலையை முக்கி எடுத்து, நிழலில் உலர்த்துவார்கள். முடையும்போது அடிப்பகுதி முதலில். மூலை திரும்புகிற இடத்தில் மட்டும் விரல் வேகம் குறைகிறது. மூலை தளர்ந்தால் கூடை நிற்காது, இறுகினால் ஓலை வெடிக்கும். ஈரக்கையால் ஓலையை ஒருமுறை நீவிவிட்டுத் திருப்பினார் ஓர் அம்மா. விலை கேட்டேன். சொன்னார். சென்னையில் இதே கூடைக்கு என்ன விலை வைக்கிறார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். சொன்னேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "கேட்டியா?" என்றார். அதற்குமேல் என்னிடம் அவர்களுக்குப் பேச்சில்லை. அரை மணி நேரம் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் எனக்குக் கிடைத்தது கேள்விகளில் கிடைத்திருக்காது.

வெளியூர்க்காரர் செய்யக்கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கண்ணே" என்று மீன்பிடிப் படகைக் கேட்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று முகத்துவாரத்தின் அருகே படகு கவிழ்ந்து, உல்லாசமாக வந்த குடும்பங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது அதன் பிறகுதான். பணம் நீட்டினால் யாராவது சம்மதிக்கலாம். சம்மதிக்கிறவரின் நெருக்கடியைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதைத் தவிர அதில் வேறு பயணம் எதுவும் இல்லை. ஏரியைப் பார்க்கக் கரையே போதும். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும். அவற்றுக்கும் நாம் கரையில் நிற்பதுதான் பிடிக்கும்.

போகும் நாளைத் தேர்வு செய்யப் பஞ்சாங்கத்தையும் இஸ்ரோ அறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள். அமாவாசையை ஒட்டி என்றால் இறால் வலைப் பேச்சு சூடாக இருக்கும். ராக்கெட் ஏவும் நாள் என்றால் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வந்திருக்கும். வலைக்காரர்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், கிழிந்த வலைகளும் நிறைய இருக்கும். எனக்கு இரண்டாவது நாள்தான் வசதி.