இறக்கி வைக்காத சுமை

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலரை அடி நீளமுள்ள தேக்கு மேசை ஒன்று உண்டு. திருத்தணி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நாட்களில் என் தந்தையார் செய்வித்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்ததற்கும் முற்பட்ட மேசை அது. அதன்மேல் ஏறி நின்றே ஒட்டடை அடிப்போம். விருந்து நாட்களில் பிள்ளைகள் நால்வர் அதன்மேல் வரிசையாக அமர்ந்திருப்பர். ஒரு நாளும் அது அசைந்ததில்லை. “யானையையும் தாங்கும்” என்பார் தந்தையார். அந்தப் பெருமைப் பேச்சே என்னை ஏமாற்றியது.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் பேத்தி வண்ணமீன் வேண்டுமென்று அடம் பிடித்தாள். வண்ணமீன் என்றால் சென்னைக் கொளத்தூர் என்பது பலரும் அறிந்ததே. இரயிலேறிச் சென்று, பிராணவாயு நிரப்பிய பைகளில் மீன்களை வாங்கி வந்தோம். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி வண்டியில் வந்து இறங்கியது. தனியே தாங்கி வாங்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, “தேக்கு மேசை இருக்க வீண் செலவு ஏன்?” என்று நானே முடிவு கட்டினேன்.

ஆடி மாதம் பிறந்தது. ஒரு நாள் என் மனைவி, “என்னங்க, மேசையின் இழுப்பறை திறக்கவே மாட்டேன் என்கிறது” என்றாள். “மழை ஈரத்தில் மரம் ஊறியிருக்கும்” என்றேன். மறு வாரமும் சொன்னாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். பேத்தியோ பகலெல்லாம் அந்த மேசையின் கீழே பாய் விரித்துப் படுத்து, மீன்களை அண்ணாந்து பார்த்தபடியே உறங்கிப் போவாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்தினம், சன்னல் கதவைச் செப்பனிட வந்த ஆசாரி கூடத்தில் நுழைந்ததும் நின்றுவிட்டார். மேசையின் விளிம்போரம் நூல் பிடித்துக் காட்டினார். பலகையின் நடுப்பகுதி அரை விரற்கடை தாழ்ந்திருந்தது. பிறகு ஓர் அஞ்சலட்டையை எடுத்துத் தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே செருகினார். தடையின்றி உள்ளே சென்றது. மரம் வளைந்துவிட்டது, கண்ணாடி வளையவில்லை. தொட்டியின் பாரம் முழுவதும் இரு முனைகளில் மட்டுமே நின்றது. அடிக்கண்ணாடி விரிசல் காணவோ, மூலைகளை ஒட்டியிருந்த சிலிக்கான் பசை விடவோ அதிக நாள் ஆகாது என்றார்.

“ஐயா, இதில் எத்தனை கிலோ இருக்கும் என்று கணக்குப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. அன்றுதான் பார்த்தேன். ஒரு கன அடி நீர் ஏறக்குறைய 28 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. விளிம்புக்கு இரண்டு அங்குலம் குறைய நிரப்பினாலும் நீர் மட்டும் 225 கிலோ. பத்து மில்லிமீட்டர் கண்ணாடி 50 கிலோவுக்கு மேல். கூழாங்கற்களையும் சேர்த்தால் முந்நூறைத் தாண்டியது. ஐந்து பெரியவர்கள் இரவும் பகலும் அந்த மேசையின்மேல் அமர்ந்திருந்தார்கள் என்று பொருள்!

“ஐவர் உட்கார்ந்தால் இது தாங்காதா?” என்று வீம்பாகக் கேட்டேன். ஆசாரி வாசலைச் சுட்டினார். தெருவில் காவடி ஏந்தியோர் மலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர். “அவர்கள் 365 படி ஏறியதும் இறக்கி வைத்துவிடுவார்கள், ஐயா. உங்கள் மேசைக்கு இறக்கி வைக்க இடமில்லையே!” என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. மரத்தின் இயல்பு அதுதான். சிறிது நேரம் தாங்கும் பாரத்தை மாதக்கணக்கில் சுமந்தால் சிறுகச் சிறுகத் தொய்கிறது. பாரம் நீங்கினாலும் முழுதும் நிமிர்வதில்லை. பலகையின் தாங்கலற்ற நீளம் இரு மடங்கானால், அதே பாரத்துக்குத் தொய்வு எட்டு மடங்காகும். தேக்குக்கே இந்த நிலை என்றால், இன்று கடைகளில் கிடைக்கும் மரத்தூள் பலகைத் தட்டுகளின் கதி என்ன? நீர் கசிந்தால் அவை உப்பி உதிர்ந்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டிக்கெனச் செய்த தட்டு தண்ணீருக்கு ஆகாது. மெல்லிய மயிலிறகும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்தியது நினைவுக்கு வந்தது.

அன்றிரவே மீன்களை நெகிழி வாளிகளுக்கு மாற்றி, குழாய் வைத்து நீரை இறைத்தோம். அந்த வாரமே, தரையிலிருந்து மூன்று செங்கற் சுவர்கள் எழுப்பி, அவற்றின்மேல் கடப்பைக் கல் பதித்தோம். ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, தெர்மாகோல் தகடு பரப்பி, அதன்மேல் தொட்டியை அமர்த்தினோம். மேசை பழைய இடத்துக்கே திரும்பியது. இழுப்பறை இப்போது திறக்கிறது. நடுவில் உள்ள பள்ளம் மட்டும் மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொட்டியின் நீரில் நாலில் ஒரு பங்கை வாரந்தோறும் மாற்ற வேண்டும். ஐம்பத்தைந்து லிட்டர், நான்கு வாளி. கோடையிலிருந்து அவ்வாளிகளைச் சுமந்தவள் என் மனைவி. இடுப்பு வலிக்கிறது என்று அவளும் இருமுறை சொல்லியிருந்தாள். அதற்கும் மழை ஈரத்தையே காரணமாகச் சொல்லியிருந்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் வாளி என் கையில் இருக்கிறது.