அடைப்பு இல்லை, ஆனாலும்...

"துக்கம் நெஞ்சை அடைக்குது" என்று நாம் சொல்வது வெறும் பேச்சில்லை, சகோதரிகளே. எங்கள் நங்கையாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, அது நிஜமாகவே நடந்தது.

63 வயது. தொண்டாமுத்தூரில் பாக்குத் தோப்பு, மாடு கன்று என்று ஓயாமல் பாடுபட்டவர். அண்ணன் காலமான மூன்றாம் நாள் அவருக்கு நெஞ்சுவலி. "அழுதழுது வர்ற வலி, சுக்குக் காப்பி வெச்சுக் குடுங்க" என்றார்கள் சிலர். வேர்த்துக் கொட்டவே, கோவைக்குக் கொண்டுபோனோம். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு போலவே தெரிந்தது. ஆஞ்சியோ செய்தால், ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை!

"அப்ப ஊட்டுக்குப் போலாமுங்களா டாக்டர்?" என்றேன்.

"அவசரப்படாதீங்கம்மா" என்று டாக்டரம்மா விளக்கினார். பேரதிர்ச்சியில் அட்ரினலின் போன்றவை உடம்பில் ஏகமாய்ச் சுரக்கும். அதனால் இதயத்தின் இடது கீழறை, நுனியில் சுருங்காமல் பானைபோல உப்பிவிடுமாம். 1990-இல் ஜப்பான் டாக்டர்கள் இதற்கு 'டாகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கிற பானை என்று அர்த்தம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் தேறிவிடும்.

ஆனால் அந்தச் சில வாரங்களில்தான் ஓர் ஆபத்து. ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிக்குமா? தேங்கின இடத்தில்தானே பிடிக்கும்! அசையாத நுனியில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகலாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆனால் கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். நங்கையாவுக்கு முதல் எக்கோவில் ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்ததில் சிறு கட்டி தெரிந்தது.

ரத்தம் உறையாதிருக்க மூன்று மாதம் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம். ஒருநாள் நிறைய, மறுநாள் இல்லை என்பதுதான் கூடாது. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் ஆகாது. ஈறில் ரத்தம் கசிந்தாலோ மலம் கறுத்தாலோ உடனே சொல்ல வேண்டும். வாய் கோணி, கை துவண்டு, பேச்சுக் குழறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மூன்றாம் மாத எக்கோவில் கட்டி கரைந்திருந்தது. இதயமும் பழையபடி சுருங்கி விரிந்தது.

துக்க வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுக்கிறோம். பறிகொடுத்தவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, நெஞ்சு வலிக்கிறது என்றாளா என்று கவனிக்க ஒருத்தி பக்கத்தில் இருக்கட்டும். 'அடைப்பு இல்லை' என்று கேட்டதும் நிம்மதியாகிவிடாமல், "அடுத்த எக்கோ எப்போ?" என்றும் கேட்டு வையுங்கள்.