இங்கு யாவரும் சுகம்

ஊரை நீங்கிப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவரின் கடிதங்கள் ஒரு காலத்தில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை போன்றிருந்தன. 'நான் நல்ல சுகம். அதுபோல் நீங்களும் சுகமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன்' என்று தொடங்கும். பரீட்சைத் திகதியையும் பணத்தேவையையும் கூறி முடியும். வீட்டிலிருந்து வரும் மறுமொழியின் முதல் வரியோ 'இங்கு யாவரும் சுகம்' என்பதாகவே இருக்கும். இவ்விரு வாக்கியங்களுள்ளும் எவ்வளவு மறைக்கப்பட்டிருந்தது என்பதை விடுமுறையில் நேரிற் கண்டபோதே இருசாராரும் அறிந்தனர்.

இன்று கடிதம் எழுதுவோர் அரியர். ஆயின் அந்த வாக்கியம் மட்டும் மறையவில்லை. கைத்தொலைபேசித் திரையில் முகம் தெரிய, குரல் கேட்க, அதே பழைய வாக்கியமே நாள்தோறும் சொல்லப்படுகிறது.

பிரிவுக்குத் தூரத்தைக் குறைகூறுதல் எளிது. கண்டியிலே தொடங்கி யாழ்ப்பாணத்திலே முடியும் ஏ9 வீதியின் நீளம் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். 2006 ஆகஸ்டில் அது மூடப்பட்டபோது, பேராதனையிற் பயின்ற குடாநாட்டு மாணவர் பாதுகாப்பு அனுமதி பெற்று, திருகோணமலையிலிருந்து கப்பலிலோ, அன்றி விமானத்திலோதான் வீடு செல்ல வேண்டியிருந்தது. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் அந்நகரை அடைந்தது. மாலையில் பஸ் ஏறி விடியுமுன் வீட்டுப் படலையைத் தட்டும் இக்காலத்தவருக்குப் பிரிவென்று ஒன்று உண்டோ என அக்காலத்தவர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை.

வடமராட்சிக் கிராமமொன்றிலிருந்து பேராதனைக் கலைப்பீடத்துக்கு வந்த மாணவியொருத்தியும் அவ்வாறே எண்ணியிருந்தாள். ஒவ்வோரிரவும் எட்டு மணிக்கு வீட்டோடு பேசுவாள். தாயாரின் தோளுக்குப் பின்னால் அம்மம்மா கட்டிலில் இருந்தபடி கையசைப்பார். அவளை வளர்த்தவர் அவரே. இரண்டாமாண்டுப் பரீட்சை நடந்த வாரத்தில் அக்கட்டில் திரையில் தெரியவில்லை. "அம்மம்மா நித்திரை, பிள்ளை" என்றார் தாயார். மறுநாளும் நித்திரை. அதற்கு மறுநாளும் நித்திரை. அவள் ஐயுறவில்லை என்று கூறல் முழு உண்மையாகாது. ஐயத்தைப் பரீட்சை முடியும்வரை ஒத்திவைத்தாள் என்பதே பொருந்தும்.

இறுதி வினாத்தாளை எழுதி வெளியே வந்தபோது அறைத்தோழி அவளுடைய பயணப்பையை ஆயத்தமாக வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் முன்னரே தெரியும். தாயார் சொல்லி, வாய்திறவாதிருக்குமாறும் கேட்டிருந்தார். அன்றிரவே புறப்பட்டு வீட்டை அடைந்தபோது எட்டுச்செலவும் முடிந்திருந்தது. முற்றத்துப் பந்தலையும் பிரித்துவிட்டனர்.

"சோதினை எண்டுதான் சொல்லேல்லை" என்றார் தாயார். நம் வீடுகளில் இது புதுமையன்று. பரீட்சையின்பொருட்டு மரணத்தை மறைத்தல் பெற்றோரின் கடமையென்றே பலராலும் கருதப்படுகிறது. அவளுக்கோ அழுகையினும் சினமே மேலிட்டது. எனினும் வாதிட இயலவில்லை. மகாபொல உதவிப்பணம் தாமதித்த மாதங்களில் இராச்சாப்பாட்டை ஒரு பணிசோடு முடித்துக்கொண்டு, 'சாப்பிட்டேன் அம்மா' என்று அதே திரையில் அவளும் கூறியிருந்தாள் அன்றோ?

அடுப்படியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள் அவளுடைய பள்ளித் தோழி. உயர்தரம் வரை ஒரே வாங்கில் இருந்தவர்கள் இருவரும். இசட் புள்ளி சற்றே குறைந்தமையால் தோழிக்குப் பல்கலைக்கழகம் கிட்டவில்லை. இன்று பருத்தித்துறையிற் கடையொன்றில் வேலை. அவள் மனம் நோகக்கூடாதென்று விரிவுரைகளையும் விடுதியையும்பற்றிப் பேசாது தவிர்த்து, ஈற்றில் பேச்சே அருகிப்போயிற்று. அம்மம்மாவின் கடைசி நாள்களில் அவருக்குக் கஞ்சி பருக்கியவள் அத்தோழிதான்.

"ஏனடி நீ எனக்கு ஒண்டும் சொல்லுறேல்லை?" என்று அவள் கேட்டாள். மறுமொழி சொல்லத் தெரியாமல், பாத்திரங்களைத் துடைக்கத் துணியொன்றை எடுத்துக்கொண்டு இவள் அருகே அமர்ந்தாள். அன்று நள்ளிரவு கடந்தும் இருவரும் பேசிக்கொண்டிருந்தனர்.

அந்தியேட்டி முடிந்து பேராதனைக்குத் திரும்பு முன், இனி எதையும் மறைப்பதில்லை எனத் தாயாரிடம் வாக்குப் பெற்றாள், தானும் வாக்களித்தாள். வாக்குக் கேட்பது எளிதாயிருந்தது. மூன்றாவது வாரத்தில் ஓரிரவு தாயார், தமக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதாகவும் வைத்தியர் குளிசை எழுதித் தந்ததாகவும் கூறி, "சொல்லச் சொன்னனீ, அதுதான் சொல்லுறன்" என்றார்.

அன்றிரவு அவள் படிக்கவுமில்லை, உறங்கவுமில்லை. காலை ஐந்து மணிக்கே மீண்டும் அழைத்தாள். தாயார் அப்போதுதான் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தார்.