தராசில் வைத்த கொலுசு

(மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

'மீட்பு' என்ற சொல்லை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறேன். அதன் பொருளை எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டுத் தராசுதான்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன இடம். என் தந்தையும் கொலுசுத் தொழிலாளியே. முதலாளி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார். செய்து முடித்த கொலுசை நிறுத்து வாங்குவார். சேதாரத்துக்கு மேல் எடை குறைந்தால் தொழிலாளிதான் ஈடு செய்ய வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, மோதிரம் செய்து பார்க்கும் ஆசையில் ஒரு துண்டு வெள்ளிக் கம்பியை எடுத்தேன். அது கைதவறிச் சாக்கடையில் விழுந்துவிட்டது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் எடை குறைந்தது. மூன்று முறை நிறுத்துப் பார்த்த அப்பா, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். திருட்டுப் பட்டம் வந்துவிடுமே! அம்மா ஒன்றும் பேசாமல் தம் காலில் கிடந்த கொலுசு ஒன்றைக் கழற்றித் தட்டில் வைத்தார். குறை தீர்ந்தது, மிச்சமும் இருந்தது. ஒற்றைக் கொலுசை எப்படி அணிவது? மற்றதும் பெட்டிக்குள் போயிற்று. அன்று முதல் அம்மா நடந்தால் ஓசை இல்லை.

கல்வாரியில் நடந்ததும் இதுதானே! பாவத்தால் நேர்ந்த குறையை மனிதரால் ஈடு செய்ய இயலவில்லை. குற்றமற்ற இயேசு, அன்பினால் தம்மையே தந்தார்.

அவர் வழியில் நடந்தவர் புனித மாக்சிமிலியன் கோல்பே என்னும் போலந்து நாட்டுக் குரு. 1941-இல் அவுஷ்விட்ஸ் சிறை முகாமில், பட்டினியால் சாகும்படி பத்துக் கைதிகளை நாசிகள் தெரிந்தெடுத்தனர். அவர்களில் ஒருவர் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். அவருக்குப் பதிலாகச் சாக கோல்பே முன்வந்தார்; ஆகஸ்டு 14-ஆம் நாள் உயிர் நீத்தார். 1982-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, உயிர் பிழைத்த அந்த மனிதரும் அங்கே இருந்தார்!

சென்ற ஆண்டு பெரிய வெள்ளியன்று, சிலுவைப்பாதை முடிந்து திரும்பும் வழியில் அம்மாவிடம் உண்மையைச் சொல்லி அழுதேன்.

"நீ கம்பி எடுத்ததை அன்னைக்கே பார்த்தேன், கண்ணு. நீயே சொல்லுவேன்னு காத்திருந்தேன்" என்றார்.

தெரிந்தேதான் தந்திருக்கிறார்! மீட்கப்பட்டவள் இனியும் ஒளிந்து வாழலாமா? அன்றிரவே அப்பாவிடமும் சொன்னேன்.