உடப்புக் கரையில் முதல் வளைப்பு

சிலாபம் என்றதும் நம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது முன்னேஸ்வரம். அதற்கு அடுத்தபடி நண்டும் இறாலும். முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்ற சொல்லே சிலாபம் எனத் திரிந்தது என்பாரும் உளர். ஆயினும், சென்ற ஐப்பசியில் நாம் அங்கே போனது கோயிலுக்காகவுமன்று, முத்துக்காகவுமன்று. கரையில் நின்றவாறே கடலை வளைத்து மீன் பிடிக்கும் கரைவலைத் தொழிலை, அதுவும் பருவம் தொடங்கும் வேளையில், கண்ணாரக் காண வேண்டும் என்பது நமது நெடுநாளைய ஆவல்.

இருட்டோடு சிலாபத்தில் பஸ் ஏறினோம். புத்தளம் வீதியில் வடக்கே சென்று, பத்துளு ஓயாவில் மேற்கே திரும்பி, ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயைக் கடந்தால் உடப்பு. ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பங்கழியுமாக, நடுவே நீண்ட மணற்றிட்டில் நெருங்கி அமைந்த தமிழூர் இது. ஆடியில் திரௌபதை அம்மன் தீமிதிப்பைக் காண வருவோர்க்கு இவ்வூர் நன்கு தெரியும். அக்காலத்தில் இங்குள்ள கடலில் வலை இறக்க இயலாது. வைகாசி முதல் புரட்டாசி வரை சோழகக் காற்றில் அலை கரையை மோதிக்கொண்டேயிருக்கும். காற்று ஓய்ந்து, ஐப்பசி மழையில் ஆறுகள் புதுநீரைக் கடலில் சேர்க்கும்போதுதான் நெத்தலியும் சாளையும் கரையை அண்டும். அன்று தொடங்கும் பருவம் சித்திரை வரை நீடிக்கும்.

நாம் சென்ற பாட்டில் அன்று முதல் வளைப்பு. ‘பாடு’ என்றால் ஒரு வலைக்கு உரிய கரைப்பகுதி. அங்கே வேறொருவர் வலை போடலாகாது. தென்னைகளின் பின்னால் வெளிச்சம் பரவும் முன்னரே, கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி புறப்பட்டது. கயிறு நீளும் தூரம் நீட்டி, அதன்பின் வலையை அரைவட்டமாக இறக்கி, மறு கயிற்றோடு சற்றுத் தள்ளி வந்து கரை சேர்ந்தது. வலையின் இரு கைகளும் பெரிய கண்ணுடையவை. நடுவிலுள்ள மடியோ விரல் நுழையாத நெருக்கம். மீன் கைகளுக்கு அஞ்சி உள்நோக்கி ஓடும். ஓடி மடியிலே விழும். இவ்வளவுதான் சூட்சுமம்.

இதன் பிறகு இழுவை. ஒரு கயிற்றுக்குப் பத்துப் பேர் வீதம் இருபது பேர். நாமும் சும்மா நில்லாமல் தெற்குக் கயிற்றைப் பற்றினோம். பின்னோக்கி நடந்து, கயிற்றின் கடைசிக்குப் போனவர் மீண்டும் ஓடி வந்து நீரோரத்தில் முதல் ஆளாகப் பற்ற வேண்டும். கயிறு இழுக்கும் கைகளுக்கு அடி எடுத்துக் கொடுப்பது அம்பாப் பாட்டு. முதியவர் ஒருவர் ஓரடி பாட, மற்றவர் திருப்பிப் பாட, அந்தத் தாளத்தில் இருபது உடல்களும் ஒன்றாகச் சாய்ந்தன. நமக்குத் தாளம் பிடிபட அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. நீரின் நிறத்தைப் பார்த்தவாறே நின்ற மண்டாடியார், “வடக்கால விடுங்கோ! தெற்காலதான் இழுக்க வேணும்!” என்று கூவிக்கொண்டிருந்தார். ஒரு கை முந்தினால் மடி கோணிவிடும். வந்த மீன் வந்த வழியே போய்விடும்.

இரண்டரை மணி நேரத்தின் பின் மடி கரையைத் தொட்டது. பெண்கள் கூடைகளோடு ஓடி வந்தனர். உள்ளே இருந்தது பெரும்பாலும் சொறிமுட்டை! கூழ்போலத் தளதளத்த அவற்றைக் கையால் அள்ளி எறிந்தபின், இரண்டு கூடைக் காரல், ஒரு கூடை நெத்தலி, சிறு பாரை சில, ஒற்றைத் திருக்கை. எவரும் ஒன்றும் பேசவில்லை. செலவு போக எஞ்சுவதைச் சம்மாட்டிக்கும் தொழிலாளிக்குமாகப் பங்கிடுவது கரைவலை வழக்கம். அன்றைய முதல் வளைப்பில் செலவுக்கே போதுமோ என்னவோ.

அப்போதுதான் வடக்கே அடுத்த பாட்டில் உழவு இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. அதன் பின்புறம் பூட்டிய உருளையில் கயிறு தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர் ஐவரோ அறுவரோ. பாட்டு இல்லை.

“அது நல்லதா ஐயா?” என்று மண்டாடியாரைக் கேட்டோம். அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

“நல்லது கெட்டது என்ன தம்பி! எனக்கு இருபது பேருக்குப் பங்கு குடுக்க வேணும். அவருக்கு மெசினுக்கு டீசல் ஊத்தினால் சரி. போன வருசம் என்னட்ட இழுத்த பொடியன்மார் ஆறு பேர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிட்டாங்கள். இந்த மாரி போனால் நானும் அந்த மெசினைத்தான் பார்க்க வேணும்.”

அவர் மீது குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சிலாபக் கரையை ஒருகாலம் ஆண்ட போர்த்துக்கேயரின் சொந்த நாட்டிலும் இதே போன்ற வலை உண்டு. முன்பு எருதுகளைப் பூட்டி இழுத்தார்கள், இப்போது அங்கும் உழவு இயந்திரமே இழுக்கிறது. ஆனால் எருது பாடுவதில்லை. எனவே அவர்கள் இழந்ததும் இவ்வூரார் இழக்கப்போவதும் ஒன்றல்ல என்றே நமக்குப் பட்டது. பாட்டை ஒலிப்பதிவு செய்து வைக்கலாம், மெய்தான். கயிறு இல்லாத கையோடு அதை எவர் பாடுவார்?

பிளேன்டீயும் வெல்லமும் வந்தன. வலையை மணலில் விரித்து, கிழிந்த கண்களைத் தைக்கத் தொடங்கினார்கள். மண்டாடியார் மீண்டும் நீரோரம் போய், கண்ணுக்கு மேலே கையை வைத்துத் தெற்கே பார்த்தார். அவர் பார்த்த இடத்தில் நீர் சற்றுக் கருத்திருந்தது போலும். நமக்கு எல்லா நீரும் ஒரே நீராகவே தெரிந்தது. “தோணியை இறக்குங்கோடா!” என்றார்.

நாம் எழுந்து, தோலுரிந்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தெற்குக் கயிற்றின் பக்கம் நடந்தோம்.