துறவியர் கட்டிய விடுதி

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், நார்ட்டன் செயின்ட் பிலிப் என்னும் சிற்றூரின் ஜார்ஜ் மதுவிடுதி வாயிலில் சற்றுத் தயங்கி நின்றோம். குடியால் சிதைந்த இல்லங்களை எண்ணி மறையுரை ஆற்றிப் பழகிய நமக்கு அங்கென்ன வேலை?

கீழே கற்சுவர், மேலே மரச்சட்டங்களால் எழுப்பிய மாடிகள். கட்டியவர்களோ, பேச்சைக் குறைத்துத் தனிமையில் செபிக்கும் கார்த்தூசியத் துறவியர்! அருகிலிருந்த ஹின்டன் மடத்தைச் சார்ந்த அவர்கள், 14-ஆம் நூற்றாண்டில், கம்பளி வணிகர் தங்குவதற்கென இதனை எழுப்பினர். (குருமடத்தில் நாம் பயின்ற திருச்சபை வரலாற்றில் இது இல்லை.) 1539-இல், எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. மடம் இடிபாடாயிற்று, விடுதி நிலைத்தது.

தேநீர் கேட்டோம். பக்கத்து மேசை முதியவர் நாற்காலியை நகர்த்தி இடம் தந்தார். மனைவி இறந்தபின் மாலைதோறும் வருகிறாராம். ஒரே கோப்பை பீர். அதை வைத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பாராம். எவரும் அவரை எழுப்புவதில்லை. உள்ளே வந்தோர் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி நலம் கேட்டனர்.

நம் பங்கிலும் மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் உண்டு. மாலைத் திருப்பலி முடிந்த பின்னும் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார். "கோயிலைப் பூட்ட வேண்டும், ஐயா" என்று விளக்கை அணைத்தது நாமே.