விளையாட்டுக்குச் சொன்ன சொல்

சென்ற மாதம் ஒரு மாலை. அஸருக்குப் பிந்திய ஓதல் வகுப்பு. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கண் கலங்க எழுந்து நின்றான். "ஹஜ்ரத், இவன் என்னை டீஸ் பண்றான்" என்றான். பக்கத்தில் இருந்தவனை நோக்கினேன். "சும்மா, விளையாட்டுக்குத்தான் ஹஜ்ரத்" என்றான் அவன். முன்னவன் குரலில் வலி இருந்தது; பின்னவன் முகத்தில் குறும்பு இருந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே செயலை ஒருவன் துன்பம் என்கிறான், மற்றவன் விளையாட்டு என்கிறான். அவர்கள் கையாண்ட அந்த ஆங்கிலச் சொல்லோ இரண்டிற்கும் இடம் தந்து நிற்கிறது. அரபியும் தமிழும் கற்று, ஆங்கிலத்தை அகராதியின் துணைகொண்டு பிற்காலத்தில் பழகியவன் நான். அன்றிரவு இஷாவுக்குப் பின் அகராதியை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன்.

'டீஸ்' என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொற்களுள் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் அதற்குக் கேலி என்ற பொருளே இல்லை. ஆட்டு மயிரை இழை இழையாகப் பிரித்துச் சிக்கெடுத்தல் என்பதே அதன் பொருள். மனிதரைத் தொல்லைப்படுத்தல் என்னும் பொருள் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. சிறு சிறு குத்தல்களால் ஒருவரை ஓயாது பிய்த்தெடுப்பதைக் கம்பளி பிய்ப்பதற்கு ஒப்பிட்டனர் போலும். நாளடைவில் கடுமை தேய்ந்து, அன்புடையார் தமக்குள் செய்துகொள்ளும் நகையாடலையும் அச்சொல் குறிக்கலாயிற்று.

பழம்பொருளின் சுவடுகள் இன்றும் அச்சொல்லை விட்டு நீங்கவில்லை. சிக்கலான ஒரு செய்தியிலிருந்து உண்மையை மெல்லப் பிரித்தெடுப்பதை 'டீஸ் அவுட்' என்பர்; அது நூலின் சிக்கை அவிழ்ப்பவன் பேச்சு. மூளைக்கு வேலை தரும் புதிரைப் 'பிரெயின் டீசர்' என்பர். திரைப்படம் வெளிவருமுன் ஒரு துளியைக் காட்டி ஆவலைக் கிளப்பும் 'டீசர்' நம் ஊர்ச் சுவரொட்டி வரை வந்துவிட்டது. காட்டுவது போலக் காட்டிக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும் ஒருவகைச் சீண்டல்தானே!

இவற்றினும் என்னைக் கவர்ந்தது ஒரு செடி. அச்சொல்லோடு ஒரே வேரில் பிறந்த பெயர் அதற்கு: 'டீஸல்'. வண்டிக்கு ஊற்றும் எண்ணெய் அன்று. ஐரோப்பாவில் வளரும் ஒரு முட்செடி. அதன் காய்ந்த பூந்தலை முழுவதும் நுனி வளைந்த சிறு முட்கள். இங்கிலாந்தில் கம்பளித் துணி நெய்தவர்கள் அப்பூந்தலைகளைச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தித் துணியின்மேல் இழுப்பர். உள்ளே அமுங்கிக் கிடக்கும் மயிரிழைகள் மேலெழும். முரட்டுத் துணி மெத்தென்றாகும். சாமர்செட் வட்டாரத்தில் இதற்கென்றே அச்செடியைப் பயிரிட்டனர். பின்னாளில் இரும்புக் கம்பிகள் வந்தபோதும், உயர்ந்த துணிக்கு இம்முள்ளையே விரும்பினர். காரணம் நுட்பமானது. இழுக்கும்போது துணி தடுத்தால் செடியின் முள் தான் முறிந்துவிடும், துணி கிழியாது. இரும்புக் கம்பியோ முறியாது, துணியைக் கிழித்துவிடும்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கேலியின் இலக்கணம் முழுவதும் இதனுள் அடங்கிவிட்டதன்றோ! எதிரில் இருப்பவர் முகம் சிறிது வாடியதுமே தான் முறிந்து நின்றுவிடும் கேலி, உறவை மென்மையாக்கும். முறியாத கேலி கிழிக்கும்.

தமிழ்ச் சொற்களை எண்ணிப் பார்த்தேன். நம்மவர் இத்துறையில் வறியவர் அல்லர். கேலி, கிண்டல், பகடி, நையாண்டி, நக்கல், பரிகாசம், ஏளனம், எள்ளல் என்று சொற்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இவற்றுள் 'கிண்டல்' டீஸுக்கு நெருங்கிய உறவு. கிண்டுவது என்பது அடியில் கிடப்பதை மேலே கொண்டுவருவது. அல்வா கிண்டுபவர் அறிவார்: கிண்டாவிட்டால் அடிப்பிடிக்கும், பதம் தப்பிய பின்னும் கிண்டினால் கெட்டுப்போகும். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர் எள்ளலையே முதலில் வைத்தார். வள்ளுவரோ, விளையாட்டாகக் கூடப் பிறரை இகழ்தல் துன்பம் தருவது என்பதைப் பண்புடைமை அதிகாரத்தில் எடுத்துரைத்தார். முன்னவர் சிரிப்பவனின் நெஞ்சை ஆராய்ந்தார். பின்னவர் சிரிக்கப்படுபவனின் நெஞ்சையும் எண்ணிப் பார்த்தார்.

அரபியில் இக்கோடு இன்னும் தெளிவாக வரையப்பட்டுள்ளது. 'மிஸாஹ்' என்பது இன்பம் தரும் நகைச்சுவை; 'ஸுக்ரிய்யா' என்பது பிறரைத் தாழ்த்தும் ஏளனம். முன்னதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே சான்று உண்டு. ஏறிச் செல்ல வாகனம் வேண்டி நின்ற ஒருவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகக் கூறினார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் திகைக்க, எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்ற கருத்தில் விடை வந்தது. அந்த நகையில் பொய்யும் இல்லை, புண்ணும் இல்லை. கேட்டவர் கைக்கு ஒட்டகமும் வந்தது. பின்னதையோ திருமறையின் 49ஆம் அத்தியாயமாகிய ஹுஜுராத் தடுக்கின்றது. ஆண்கள் ஆண்களையும் பெண்கள் பெண்களையும் ஏளனம் செய்வதை விலக்கிய அதே வசனம், ஒருவரையொருவர் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் விலக்குகின்றது. இவ்வசனத்தை நான் எத்தனை முறை மாணவர்க்கு விளக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இதனைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

மென்மையான சொல்லொன்று கொடுமைக்குத் திரையாகவும் ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பெண்களைத் தெருவிலும் பேருந்திலும் துன்புறுத்துவதற்கு இந்திய ஆங்கிலம் சூட்டிய பெயர் 'ஈவ் டீசிங்'. மனித குலத்தின் அன்னை ஹவ்வாவின் பெயரையும், விளையாட்டைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டவைத்து, ஒரு குற்றத்தைக் குறும்பாக்கிவிட்டனர். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இளைஞர் சிலரின் இத்தகைய செயலால் உயிரிழந்தார். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. முதலில் அச்சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' என்ற தொடர் இருந்தது. பின்னர் அத்தொடர் அகற்றப்பட்டு, பெண்ணுக்கு இழைக்கும் தொல்லை என்று நேராகவே பொருள்படும் சொல் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2012இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பேருந்து நிலையம் முதலிய பொது இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலரை நிறுத்துமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. சட்டமும் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பெயர் மெத்தென்றிருந்தால் குற்றமும் மெத்தென்று தோன்றிவிடுகிறது.

ஊருக்கு உபதேசம் செய்தாயிற்று. இனி என் கதை.

தமிழ் எழுத்தில் 'டீச்சர்' என்பதற்கும் 'டீசர்' என்பதற்கும் இடையே ஒரே ஓர் ஒற்றுத்தான் வேறுபாடு. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் அந்த ஒற்றைத் தவறவிட்டேன். அப்போது எனக்கு இளமை. கூர்மையாகப் பேசுபவன் என்ற பெயர். அப்பெயரில் ஒரு மயக்கம். வகுப்பில் ஒரு பையனுக்குத் நாவின் அடிப்பகுதியிலிருந்து எழ வேண்டிய 'காஃப்' எழுத்து வரவே வராது. அரபியில் அவ்வெழுத்தோடு கல்பு என்றால் இதயம். அதற்குச் சற்று முன்னே பிறக்கும் மற்றொரு ககரத்தோடு கல்பு என்றால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே; நாவில்தான் வேறுபாடு. பையன் இதயத்தை ஓதும்போதெல்லாம் நாய் வந்தது.

ஒருநாள், "என்னப்பா, உன் நெஞ்சுக்குள்ள நாய் குரைக்குதே!" என்றேன். வகுப்பு சிரித்தது. அச்சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் அவனைக் "கல்பு, வாசி" என்று அழைத்தேன். கேட்டால் இதயம் என்றுதான் சொன்னேன் எனத் தப்பித்துக்கொள்ள வழியும் வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கா பொருள் விளங்காது? ஒரு வாரத்தில் அது அவன் பெயராயிற்று. தெருவிலும் அதுவே பெயராயிற்று. அவனும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தான். அதனால் புண்படவில்லை என்று எண்ணிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து அவன் வருவது நின்றது. கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். குடும்பநிலை என்று நானும் விட்டுவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் வீட்டில் அவனைக் கண்டேன். இப்போது துணிக்கடை வைத்திருப்பவர். இரு பிள்ளைகளின் அத்தா. ஓடி வந்து ஸலாம் சொன்னார். கையைப் பற்றி அழைத்துச் சென்று இருக்கை தந்தார். ஸஹனில் எனக்கெனக் கறி எடுத்து வைத்தார். பேச்சினிடையே, "பிள்ளை ஓதுறானா?" என்று கேட்டேன்.

"நல்லா ஓதுறான் ஹஜ்ரத். ஆனா அவன் ஓதும்போது நான் கிட்ட உக்கார்றதில்லை. ஏதாவது சொல்லிக் கொடுங்கத்தான்னு கேட்டுட்டா, எனக்கு அந்த எழுத்து இன்னும் வராது."

எனக்குக் கவளம் தொண்டையில் நின்றது. அவரே தொடர்ந்தார்: "நீங்க விளையாட்டுக்குச் சொன்னதுதானே ஹஜ்ரத். நான் ஒண்ணும் நெனைக்கலை."

நான் சொல்லியிருக்க வேண்டிய சாக்கை எனக்காக அவர் சொன்னார். ஒன்றும் நினைக்காதவருக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் அது ஏன் நினைவிருக்கிறது? கை கழுவிய பின் அவரைத் தனியே அழைத்து மாப்புக் கேட்டேன். "என்ன ஹஜ்ரத் இது!" என்று அவர் பதறினார். மன்னித்தார் என்றே நம்புகிறேன். ஆயினும் மகன் ஓதும்போது அவர் அறைக்கு வெளியே நின்ற மாலைகளை என்னால் திருப்பித் தர இயலாது. ஹுஜுராத்தின் விளக்கம் நாவில் இருந்தது. நாவிலிருந்து அது கல்பில் இறங்கவில்லை. அவன் உச்சரிப்பில் பிழை கண்ட நான், என் பிழையைக் காணவில்லை.

அவன் சிரித்ததைச் சம்மதம் என்று கொண்டேனே, அதுவே என் பெருந்தவறு. பலர் நடுவே கேலிக்கு ஆளானவனுக்குச் சிரிப்பதன்றி வேறு வழி ஏது? அதிலும் ஆசிரியன் செய்யும் கேலிக்கு மாணவன் திருப்பிச் சொல்ல இயலாது. திருப்பிச் சொல்ல இருவர்க்கும் உரிமை உள்ள இடத்தில்தான் கேலி விளையாட்டாகும். ஒருவர்க்கு மட்டுமே வாய் இருக்கும் இடத்தில் அது முறியாத இரும்புக் கம்பி.

சென்ற மாதத்துச் சிறுவர் இருவரிடமும் வருவோம். குறும்பு செய்தவனை நான் அடிக்கவில்லை. வசனம் ஓதி அச்சுறுத்தவும் இல்லை. "விளையாட்டா, இல்லையா என்று நீ சொல்லாதே, அவன் சொல்லட்டும்" என்றேன். கண் கலங்கி நின்றவன் சற்று நேரம் யோசித்தான். "நேத்து வரைக்கும் விளையாட்டு ஹஜ்ரத், இன்னைக்கு இல்லை" என்றான். மற்றவன் தலை குனிந்தான். பிறகு தன் பலகையைச் சற்று நகர்த்தி, அவனுக்கு இடம் விட்டான். இருவரும் அடுத்த பாடத்தைச் சேர்ந்தே ஓதினார்கள். 'காஃப்' இருவருக்குமே சரியாக வரவில்லை. நான் சிரிக்கவில்லை, மீண்டும் ஒருமுறை மெல்லச் சொல்லிக் காட்டினேன்.